ராத்திரிக்கு டிராக்டரை அவிழ்க்கணுமா, வேண்டாமா?

கடமலைக்குண்டிலிருந்து மயிலாடும்பாறை போகிற ரோட்டில் ராத்திரி நேரம் பைக்கில் போனவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். ஒரு வளைவு திரும்பியதும் எதிரே இருட்டு மட்டும் கொஞ்சம் கெட்டியாக, தனியாக நிற்கும். பத்தடி தூரத்தில்தான் தெரியும், அது இருட்டு இல்லை, தேங்காய் ஏற்றிய டிரெய்லர் என்று! பின்னால் விளக்கு கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. முன்னால் டிராக்டர் பூட்டியது பூட்டியபடியே நிற்கும். டிரைவர் சாப்பிட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருப்பார். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து சாவியைத் திருகி, கண்டமனூர் வழியாகத் தேனிக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

இதைப் பார்க்கிற ஊர்ப் பெரியவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "வண்டிய அவுக்காமப் போட்டுட்டுப் போறானுகளே, இதெல்லாம் உருப்படுமா?"

இன்றைய டிரைவர்கள் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான். "இது என்ன மாடாண்ணே, அவுத்து விட?"

இரண்டில் எது சரி? சின்ன விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் இதில் உயிரும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

முதலில் பெரியவர்கள் பக்கம். மாட்டு வண்டிக் காலத்தில் வண்டி எங்கே நின்றாலும் முதல் வேலை மாட்டை அவிழ்ப்பது. நுகத்தடியிலிருந்து விடுவித்து, தண்ணி காட்டி, வைக்கோல் போட்ட பிறகுதான் மனுஷனுக்குச் சாப்பாடு. நாள் முழுக்க இழுத்த ஜீவனை ராத்திரியும் கழுத்தில் பாரத்தோடு நிறுத்தி வைப்பது பாவம். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கும், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கவும் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்கள் ராத்திரி தங்கியது இப்படித்தான். மாடு ஒரு பக்கம் அசை போடும். வண்டிக்குள் பெண்களும் குழந்தைகளும், வண்டிக்கடியில் சாக்கு விரித்து ஆம்பளைகள். (வெள்ளைக்காரன் காருக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுத்துப் போவதைப் பார்த்து வாய் பிளக்கிறோம். நம் தாத்தாக்கள் அதை எந்த அலட்டலும் இல்லாமல் செய்திருக்கிறார்கள்.)

அவிழ்த்த வண்டி சும்மா நிற்காது. ஏர்க்காலுக்கு அடியில் ஒரு முட்டுக்கட்டை, சக்கரத்துக்கு ஒரு கல். "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே" என்று இன்றைக்குத் திட்டுகிறோமே, அதே முட்டுக்கட்டைதான்! அன்றைக்கு அது இல்லாவிட்டால் வண்டி குடை சாயும்.

ஆக, அவிழ்ப்பது என்ற வழக்கத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே இருந்தன. ஒன்று, மாட்டுக்கு ஓய்வு. இரண்டு, வண்டி நகராமல், சாயாமல் இருக்க ஏற்பாடு. டிராக்டர் வந்தபோது முதல் காரியத்துக்கு அவசியம் இல்லாமல் போனது. இன்ஜினுக்கு என்ன களைப்பு? ஆனால் அதோடு சேர்த்து இரண்டாவதையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது.

இப்போது டிரைவர்கள் பக்கம். ஒரே ஒரு ராத்திரிதான், விடிந்தால் கிளம்ப வேண்டும் என்றால் டிராக்டரைக் கழற்றாமல் விடுவதுதான் சரி. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

நம் பக்கத்து டிரெய்லர்களை ஒரு முறை குனிந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் தனியாக பிரேக் என்ற ஒன்றே இருக்காது. நாலைந்து டன் சரக்கைச் சுமக்கிற வண்டிக்கு, முன்னால் இருக்கிற டிராக்டரின் பிரேக்தான் பிரேக். டிராக்டரைக் கழற்றிவிட்டால் அந்த டிரெய்லரைப் பிடித்து நிறுத்த உலகத்தில் எதுவுமே இல்லை, சக்கரத்துக்கு அடியில் இருக்கிற கல்லைத் தவிர. மேட்டிலும் பள்ளத்திலும் போகிற வருசநாட்டுப் பக்கத்து ரோடுகளில் இதைவிட ஆபத்து வேறென்ன வேண்டும்? அதுவும் இரண்டு சக்கர டிரெய்லர் என்றால், பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில்தான் உட்கார்ந்திருக்கும். சரக்கு பின்பக்கம் அதிகமாக ஏற்றியிருந்து, பின்னை உருவினால், ஏர்க்கால் மேலே எகிறிவிடும். முன்பக்கம் அதிகமென்றால் 'தொம்' என்று கீழே இறங்கும். கால் இருக்கிற இடம் பார்த்து இறங்காது!

அடுத்த காரணம் இருட்டு. டிராக்டரைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் ஒரு ஆள் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நின்றாக வேண்டும். ஒருவர் ரிவர்ஸ் எடுக்க, இன்னொருவர் ஏர்க்காலைத் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்கு ஓட்டை பார்த்து பின்னை இறக்குவார். கிளட்சிலிருந்து கால் ஒரு அங்குலம் வழுக்கினால் கை போச்சு, சில நேரம் ஆளே போச்சு. பகல் வெளிச்சத்தில், தெம்பாக இருக்கும்போது செய்தாலே பயப்பட வேண்டிய வேலை இது. நாள் முழுக்கச் சுமை ஏற்றிய களைப்பில் ராத்திரி ஒரு தடவை, அரைத் தூக்கத்தில் விடிகாலை மூன்று மணிக்கு இன்னொரு தடவை... எதற்கு? வெறும் வழக்கத்துக்காக இந்த ரிஸ்க் தேவையா?

மூன்றாவதாக, தண்ணி. மூல வைகை ஓரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது தெரியும். மேலே வருசநாட்டு மலையில் மழை கொட்டினால் கடமலைக்குண்டில் வானம் வெளுத்திருக்கும்போதே ஆற்றில் தண்ணி வந்துவிடும். ஆற்றுக்குள் நிறுத்துவதே தப்பு என்பது வேறு விஷயம். ஆனால் நிறுத்திவிட்டவனுக்கு அந்த நேரத்தில் பின்னைத் தேடிக் கொண்டிருக்க முடியாது. பூட்டியிருந்தால் ஸ்டார்ட் பண்ணி மேலே ஏற்றிவிடலாம்.

(யானை வந்தாலும் உடனே கிளம்பலாமே என்று சிலர் சொல்வதுண்டு. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்ததைப் பார்த்த மாவட்டம் இது. அதை ஜூன் 5 அன்று பிடித்துக் கொண்டு போகிறவரை யாருக்கும் தூக்கம் இல்லை. ஆனால் நாலு டன் தேங்காயோடு யானையை முந்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!)

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் கேம்பிங் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்குள்ளும் இதே விவாதம் உண்டு. நீண்ட பயணத்தில் நடுவே ஒரு ராத்திரி மட்டும் தூங்க நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைக் கழற்றுவதில்லை. நாலு நாள் ஒரே இடத்தில் தங்கப் போகிறவர்கள் கழற்றிவிடுகிறார்கள், கடைக்குப் போய்வர வண்டி வேண்டுமே. கழற்றாதவர்களுக்கு அங்கே வருகிற பெரிய தலைவலி பேட்டரி. டிரெய்லரின் விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் இணைப்பு ஒயர் வழியாக இழுக்கிற வண்டியின் பேட்டரியை ராத்திரியோடு ராத்திரியாக உறிஞ்சிவிடும். காலையில் சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நம் டிராக்டருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். யாராவது நல்ல மனசோடு பின் விளக்கை எரியவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். டிரெய்லரில் இரண்டு, டிராக்டரில் இரண்டு, ஆளுக்கு 5 வாட் என்றால் மொத்தம் 20 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 1.7 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். பத்து மணி நேரத்தில் 17 ஆம்பியர்-மணி காலி. 75 ஆம்பியர்-மணி பேட்டரி புதுசாக இருந்தால் தாங்கிவிடும். மூணு நாலு வருஷம் ஓடிய பேட்டரி என்றால், விடிகாலையில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான். லோடோடு தள்ள முடியாது, எனவே அப்போதுதான் டிராக்டரைக் கழற்ற வேண்டி வரும்! அதனால்தான் யாரும் விளக்கைப் போடுவதில்லை. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் கரண்டே கேட்காத சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கருக்கு என்ன சாக்கு சொல்வார்கள்?

நாள்கணக்கில் தங்குவதென்றால் கதையே வேறு. இதற்கு நம் நாட்டிலேயே உலகம் பார்த்த உதாரணம் இருக்கிறது. 2020 நவம்பர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி எல்லையில் சிங்கு, திக்ரி என்று வந்து உட்கார்ந்தார்கள். 2021 டிசம்பர் வரைக்கும், ஒரு வருஷத்துக்கு மேல்! அவர்கள் தங்கியது பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லர்களில்தான் (அங்கே 'டிராலி' என்பார்கள்). மேலே தார்பாய், கீழே வைக்கோல், அதன் மேல் மெத்தை. வட இந்தியக் குளிரில் வீடு அதுதான். 2021 ஜனவரி 26 அன்று டிராக்டர் பேரணி நடத்தியபோது, டிராலியைக் கழற்றிவிட்டு டிராக்டர் மட்டும் வந்தால் போதும் என்று விவசாய சங்கத் தலைவர்கள் சொல்லியிருந்தார்கள். வீடு அங்கேயே நிற்க, இழுக்கிற வண்டி மட்டும் ஊர்வலம் போனது. சமதளமான நெடுஞ்சாலை, பகல் வெளிச்சம், கூட நாலு ஆள். அங்கே கழற்றினால் ஒரு தப்பும் இல்லை. கடமலைக்குண்டில் ஒற்றை ஆள் ராத்திரி பத்து மணிக்குச் சரிவில் கழற்றுவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

நம் ஊரில் இன்னொரு விஷயம் பேசப்படுவதே இல்லை. டிரெய்லரை அவிழ்த்தாச்சா இல்லையா என்பதைவிட, அதற்குள்ளும் அதற்கு அடியிலும் யார் தூங்குகிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி.

மதுரையில் 2023 ஆகஸ்ட் 26 அன்று நடந்தது நினைவிருக்கும். லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி. புனலூர் ரயிலோடு விடிகாலையில் மதுரை வந்தது. அங்கே அந்தப் பெட்டியை மட்டும் கழற்றி, யார்டில் தனியாக நிறுத்தினார்கள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். விதியை மீறிக் கொண்டு வந்திருந்த கேஸ் சிலிண்டரால் காலை ஐந்தே கால் மணி வாக்கில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். தனியாக நின்றதால் மற்ற பெட்டிகளுக்குத் தீ பரவவில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? பெட்டி கழன்றிருந்தது, நகரவில்லை, எங்கேயும் மோதவில்லை. ஆபத்து உள்ளேயே இருந்தது.

அடுத்த வருஷமே, 2024 டிசம்பரில், கேரளாவில் வடகரை அருகே ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். (நம் பக்கம் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காருகிற வண்டி. தேனி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.) ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். பூட்டியே இருக்கிறதே, மழைக்கு டிராக்டரை ஓடவிட்டு விளக்கு எரிக்கலாம், போனுக்கு சார்ஜ் போடலாம் என்று தார்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிக்கொண்டு டிரெய்லரில் படுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

திருவிழா நேரத்தில் டிரெய்லருக்கு அடியில் படுப்பது அதைவிட மோசம். மாட்டு வண்டிக்கு அடியில் படுத்த பழக்கம் அப்படியே வந்துவிட்டது. வண்டி அன்றைக்கு அவிழ்ந்து கிடந்தது, முட்டுக்கட்டை இருந்தது. மாடு வந்து தானாகப் பூட்டிக்கொண்டு கிளம்பாது! இன்றைக்கு டிராக்டர் பூட்டியபடி நிற்கிறது. விடிகாலையில் டிரைவர் இருட்டில் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டால், அடியில் யார் படுத்திருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பூட்டிய வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற வார்த்தைக்குள் டிரெய்லரும் அடக்கம். இன்ஜின் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு வண்டி. 122ஆம் பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியையோ டிரெய்லரையோ நிறுத்தக் கூடாது என்கிறது. அவிழ்த்து நிறுத்தினாலும் சரி, பூட்டி நிறுத்தினாலும் சரி, வித்தியாசமே இல்லை. 127ஆம் பிரிவுப்படி, ஆளில்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் பொது இடத்தில் விட்டுப்போன வண்டியைப் போலீஸார் அப்புறப்படுத்தலாம், அந்தச் செலவும் நம் தலையில்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு டிரெய்லரை ரோட்டோரம் கழற்றிப் போட்டுவிட்டு, டிராக்டரை மட்டும் வீட்டுக்கு ஓட்டிப் போகிறவர்கள் இந்தப் பத்து மணி நேரத்தை எண்ணிப் பார்க்கலாம்.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். "வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு, அவன்தான் வந்து மோதினான், எனக்கும் இதுக்கும் என்ன?" என்பது எல்லோரும் சொல்கிற பதில். சுப்ரீம் கோர்ட் 1991லேயே சிவாஜி தயானு பாட்டீல் வழக்கில் இதற்கு முடிவு சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவில் லாரியோடு மோதி ராத்திரி கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் சில மணி நேரம் கழித்து வெடித்து, பக்கத்தில் இருந்தவர்கள் செத்துப் போனார்கள். அப்போது வண்டி ஓடவில்லையே என்று வாதம் வைக்கப்பட்டது. ஓடாமல் நின்றாலும், கிடந்தாலும் அது வண்டியின் 'உபயோகம்' என்பதற்குள் வரும் என்று கோர்ட் சொன்னது. அதாவது டிரைவர் வீட்டில் தூங்கினாலும், அவருடைய டிரெய்லர் ராத்திரி முழுக்க வேலையில்தான் இருக்கிறது! டிராக்டருக்கு மட்டும் பாலிசி எடுத்துவிட்டு டிரெய்லருக்குத் தனியாக பிரீமியம் கட்டாதவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்? பின்னால் வந்து மோதியவர் நஷ்டஈடு கேட்டால், டிரெய்லருக்கு பாலிசி இல்லை என்று கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். அப்புறம் டிராக்டரையே விற்றாலும் கட்டி முடியாது.

இதில் வரவு செலவு பார்ப்பது ரொம்பச் சுலபம். ஒரு பக்கம், வீட்டு வாசலுக்கோ களத்துக்கோ கொண்டுபோய் நிறுத்த ஐந்து நிமிஷம், கொஞ்சம் டீசல், ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர். இன்னொரு பக்கம், இருட்டில் வருகிற ஒரு பைக்கும் அதில் இருக்கிற இரண்டு உயிரும். ரோட்டோரம் நிறுத்துகிறவர்கள் மிச்சம் பிடிப்பது அந்த ஐந்து நிமிஷத்தைத்தான்.

"எங்க சந்துக்குள்ள டிரெய்லர் திரும்பாதுங்க" என்பார்கள். உண்மைதான், பல தெருக்களில் திரும்பாது. அப்படியென்றால் ஊருக்குப் பொதுவாக ஒரு இடம் வேண்டும். கமிஷன் மண்டி வாசலோ, காலிக் களமோ, பஞ்சாயத்து இடமோ, ரோட்டை விட்டு இருபதடி உள்ளே தள்ளி, சமதளமாக, ஒரு தெருவிளக்கு எரிகிற மாதிரி. பஸ்ஸுக்கு ஸ்டாண்ட் உண்டு, ஆட்டோவுக்கு ஸ்டாண்ட் உண்டு. ஊரின் மொத்த விளைச்சலையும் சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டிக்கு ராத்திரி நிற்க ஒரு இடம் கிடையாது என்பது அநியாயம். கடமலைக்குண்டு ஒன்றியத்தின் தலைமை இடம் வேறு. இதை அங்கே கேட்காமல் வேறெங்கே போய்க் கேட்பது?

அந்த இடம் கிடைக்கிறவரை? டிராக்டரை அவிழ்க்க வேண்டாம். தாராளமாகப் பூட்டியே இருக்கட்டும். ஆனால் ரோட்டை விட்டு இறக்கி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு, டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டுப் போகட்டும். கல் வேண்டாம். ஏனென்றால் கல்லைக் கொடுக்கிறவர்கள் காலையில் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், அடுத்த நாள் ராத்திரி அந்தக் கல்லில் ஏறி ஒரு பைக் விழுகிறது. மரக்கட்டையில் ஒரு கயிறு போட்டு டிரெய்லரோடு கட்டிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. எடுக்க மறந்தாலும், வண்டி கட்டை மேல் ஏறி இறங்கிய பிறகு அது பின்னாலேயே தடதடவென்று இழுபட்டு வரும். டிரைவருக்குக் கேட்காவிட்டாலும் ஊருக்கே கேட்கும், யாராவது கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்.